ஒறம்பரைக்குக் கோழி

(காங்கேயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோழி அடுப்பில் இருக்கிறது. வேக இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை உங்களைப் பிடித்து வைத்திருப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பசியோடு இருப்பவர்கள் முன்னால் நீட்டி முழக்கக் கூடாது. ஆனால் நான் பேசப்போவது அந்தச் சட்டியில் இருப்பதைப் பற்றித்தான் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

கரூரிலிருந்து கோவை போகும் சாலையில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளகோவில் தொடங்கி வழி நெடுக போர்டுகள். 'பாரம்பரிய நாட்டுக்கோழிக் குழம்பு', 'வீட்டுமுறைச் சமையல்', 'அம்மிச் சாந்து', 'விறகடுப்பு'. சிலவற்றில் சாதிப் பெயரும் சேர்ந்தே இருக்கும். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். இன்று வேறு சாதிகளின் பெயர்கள் அதே பெருமையோடு பலகை ஏறியிருக்கின்றன. அதற்கு மறியல் இல்லை. அதை இன்று விட்டுவிடுகிறேன். எனக்கு இடிப்பது 'வீட்டுமுறை' என்ற சொல். யார் வீட்டு முறை?

இன்றைக்கு இங்கே என்ன சமைக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு சட்டி வைத்திருக்கிறோம். ஒன்று எங்கள் பக்கத்துக் கோழிக் குழம்பு, அதற்கு ராகிக் களி உருண்டை. இன்னொன்று தக்கடி. காங்கேயத்தில் தக்கடி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

களி தெரியாத தோழர்கள் சிலர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். உலை கொதித்ததும் கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றி, பிறகு மீதி மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, கிளறாமல் வேகவிட வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் மாவு கட்டி கட்டியாக நின்றுவிடும். வெந்த பிறகு இரண்டு காலாலும் சட்டியை இடுக்கிப் பிடித்துக்கொண்டு கிண்ட வேண்டும். அது தோள்பட்டை வேலை. ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றிக்கொள்வது. மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார்.

குழம்புக்கு வரமிளகாய், மல்லி, சீரகம், மிளகு, கொஞ்சம் கசகசா. இவற்றை நாங்கள் 'செலவு' என்போம். காசு கொடுத்துக் கடையில் வாங்க வேண்டியது என்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். வெங்காயமும் தேங்காயும் இந்த ஊரில் செலவு ஆகாது. காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய்க் களங்கள்தான். கொப்பரை உடைக்கிற பெண்கள் நான்கு பேர் இந்தப் பந்தலிலேயே இருக்கிறீர்கள். சின்ன வெங்காயத்தை நிறைய வதக்கி அரைத்தால் குழம்பு கெட்டிப்படும். கோழி குறைவாக இருப்பதும் வெளியே தெரியாது.

அந்தக் கடைசி வரிதான் இந்த உணவின் உண்மையான சமையல் குறிப்பு. ஒரு கோழி, பத்து வாய். அதற்குத்தான் களி. உலகம் முழுக்க இதே கணக்குதான். கோட்டயம் பக்கம் கிறித்தவர்கள் அரிசி மாவை உருட்டி 'பிடி' செய்து கோழிக் கறியோடு சாப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், முட்டை நின்றுபோன கிழக் கோழியை நெடுநேரம் வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே கோதுமை மாவு உருண்டைகளைப் போடுகிறார்கள். கறி எட்டாத இடத்தை மாவு நிரப்புகிறது. பஞ்சத்தில் பிறந்தது இன்று பாரம்பரியம் என்ற பெயரில் விலைக்கு வருகிறது.

இனி எங்கள் வீட்டு முறைக்கு வருகிறேன்.

என் அம்மா ஒரு தோட்டத்தில் பண்ணையத்தில் இருந்தவர். நாங்கள் அருந்ததியர். தோட்டத்து வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் அம்மாவுக்கு ஆள் வரும். இளைய தோழர்களுக்கு: ஒறம்பரை என்றால் விருந்தாளி, சொந்தபந்தம். கொங்குப் பக்கம் ஒறம்பரை வந்தால் கோழி அடிப்பது மரியாதை. கோழியைத் துரத்திப் பிடிப்பது அம்மா. சில சமயம் அந்தக் கோழியே எங்கள் வளவிலிருந்து விலைக்கு வாங்கியதாக இருக்கும். கழுத்தைத் திருகி, இறகு பிடுங்கி, ஓலை கொளுத்தி வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவி, துண்டு போட்டு, மாட்டுத் தொண்டுப்பட்டி ஓரமாக உட்கார்ந்து எல்லாம் செய்து, போசியில் போட்டுத் திண்ணைக்குக் கீழே வைப்பது வரைக்கும் அம்மா வேலை. பிறகு அந்தப் போசி உள்ளே போகும். அம்மா வெளியே நிற்பார். தலையும் காலும் குடலும் அம்மாவுக்கு.

சின்னப் பிள்ளையாக நான் அந்தத் தொண்டுப்பட்டியில் நின்று பார்த்ததில் ஒன்று விளங்கவே இல்லை. எங்கள் வளவுக் கோழிக்குத் தீட்டு இல்லை. அது இட்ட முட்டைக்கு இல்லை. அம்மா களை எடுத்து, அறுத்து, தூற்றிக் கொடுத்த சோளத்துக்கு இல்லை. அம்மாவின் கை பட்ட பச்சைக் கறிக்குக்கூட இல்லை. அதே கறி, அதே கை, நடுவில் ஓர் அடுப்பு வந்துவிட்டால் தீட்டு. நெருப்பு எல்லாவற்றையும் சுத்தப்படுத்தும் என்று சொல்கிறவர்கள்தான் இதையும் சொல்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பச்சைப் பொருள் உழைப்பு. உழைப்பைத் தீட்டு என்று ஒதுக்கினால் தோட்டம் காய்ந்துபோகும். சமைத்த பொருள் உறவு. ஒருத்தி சமைத்ததைச் சாப்பிட்டால் அவளுக்கு நீங்கள் ஒறம்பரை ஆகிவிடுகிறீர்கள். உழைப்பை வாங்கிக்கொண்டு உறவை மறுப்பதற்கு எந்த இடத்தில் கோடு போட வேண்டும் என்று சாதிக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அடுப்பங்கரை வாசற்படியில்.

இது பழைய கதை என்று சொல்வோருக்கு 2018ஐ நினைவூட்ட வேண்டும். இதே திருப்பூர் மாவட்டம், அவிநாசி வட்டம், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளி. சத்துணவு சமைக்க ஓர் அருந்ததியர் பெண் மாற்றலாகி வந்தார். ஆதிக்க சாதியைச் சேர்ந்த பெற்றோர் திரண்டு பள்ளிக்குப் பூட்டுப் போட்டார்கள். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்றார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சமைக்க வந்தவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நம் தோழர்கள் பல இயக்கங்களிலிருந்தும் போய்ப் போராடிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

அங்கே நடந்ததைக் கவனியுங்கள். நம் பிள்ளைகளோடு அவர்கள் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று யாரும் பூட்டுப் போடவில்லை. அந்தச் சண்டையை நம் முன்னோர்கள் பெருமளவு முடித்துவிட்டார்கள். 1920இல் நீதிக்கட்சி காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பிறகு காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு. நூறு ஆண்டுகளில் பந்தி ஒன்றாகியிருக்கிறது. பிரச்சினை கரண்டி யார் கையில் என்பதில் வந்து நிற்கிறது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகும், 2023இல், கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் இதே காரணத்துக்காகப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

சேர்ந்துண்ணல் நம் இயக்கத்தின் மிகப் பழைய ஆயுதம். 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிட்டார். அதற்காக அவருடைய சொந்தச் சாதிக்காரர்கள் அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று வசை பாடினார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்பது தெரியவந்து 1925 வாக்கில் எழுந்த சண்டை, பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய பாதையில் முக்கியமான ஒரு கட்டம். இதெல்லாம் நீங்கள் படித்தவர்கள், எனக்குமேல் தெரியும்.

ஆனால் அம்பேத்கர் 1936லேயே ஒன்று சொல்லிவிட்டார். லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட அந்த உரையில், சேர்ந்துண்பதால் சாதி உணர்வு செத்துவிடவில்லை, உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்கிறார். அதைப் படித்துவிட்டுப் போன மாதம் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அப்புறம் எதுக்குங்க அக்கா இந்தக் கோழி, களி எல்லாம்?" நியாயமான கேள்வி.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஆகஸ்டு 15 அன்று கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. அதிகாரிகள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், சாம்பார், வடை, பாயசம். கோழி கிடையாது, நம் சாப்பாடு அங்கே போகாது, நாம்தான் அவர்கள் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். அந்த விருந்துக்கு யார் வீட்டு அடுப்பும் எரிவதில்லை. சாப்பிட்டு எழுந்தால் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. சமபந்தி என்று எழுதி, ம-வுக்கு மேல் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். சம்பந்தி. அந்த ஒரு புள்ளியை வைக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகில், பட்டப்பகலில், சங்கரை வெட்டிக் கொன்றது அந்தப் புள்ளிக்காகத்தான்.

பந்தியிலிருந்து சம்பந்திக்குப் போகிற வழியில் ஒரு வீடு இருக்கிறது. பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் ஒறம்பரையாகப் போய், அந்த வீட்டுப் பாத்திரத்தில், அந்த வீட்டுக் கை சமைத்ததைச் சாப்பிட வேண்டும். முற்போக்கான தோழர்கள் பலர் எங்களைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆசாரத்தில் உட்காரவைத்து அன்பாகப் பரிமாறுகிறார்கள். நன்றி. திருப்பி நான் கூப்பிட்டால் எத்தனை பேர் வளவுக்கு வருகிறார்கள்? வருகிறவர்களிலும் எத்தனை பேர் "இப்பத்தான் சாப்பிட்டேனுங்க, ஒரு டீ மட்டும் போதும்" என்கிறார்கள்? சிலர் டீயும் வேண்டாம், பாட்டில் கலர் போதும் என்பார்கள். மூடி போட்டு வருவதற்கு எப்போதும் ஒரு மவுசு உண்டு.

இப்போது தக்கடி.

எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் திருப்பூரில் லைன் வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். நான் பனியன் கம்பெனியில் டெய்லர், அவர் அயர்ன் டேபிள். வீடு தேடும்போது முன்பணம் எவ்வளவு என்பதற்கு முன்னால் கேட்பது, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதைத்தான். நான்கு இடத்தில் பதில் சொன்னதும் வீடு ஏற்கெனவே ஆள் ஆகிவிட்டது. ஐந்தாவது இடத்தில் எட்டு வீடு ஒரே வரிசை, ஒரே குழாய். பக்கத்து வீட்டில் கீழக்கரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களுக்கும் வீடு கிடைக்க எங்களைப் போலவே அலைச்சல்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடையில் ஊரே நிற்கும். அந்த அக்கா ஒரு ஞாயிறு எங்களைக் கூப்பிட்டுத் தக்கடி போட்டார். வறுத்த அரிசி மாவில் தேங்காய்த் துருவல், நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு, குழம்பின் மேலே மிதக்கிற எண்ணெய் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடிக்கிறது. விரல் தடம் அதில் அப்படியே பதியும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கிற கறிக் குழம்பில் ஒவ்வொன்றாகப் போட்டு, மேலே வெந்து இறுகும்வரை கரண்டி போடாமல் மூடிவைக்க வேண்டும். மாவு கொஞ்சம் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். ஆட்டுக்கறியில்தான் நன்றாக இருக்கும் என்பார் அவர். வாரக் கடைசியில் கையில் மிஞ்சியதற்குக் கோழிதான் வரும்.

அவர்கள் ஊரில் விருந்து என்றால் சஹன் என்ற பெரிய தட்டில் சோறு வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்களாம். அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். தனித் தட்டு, தனி டம்ளர், அதற்கும் முன்னால் கொட்டாங்குச்சி என்று வந்த வீட்டுப் பெண்ணுக்கு அது சாதாரணம் இல்லை. அங்கே மேல் கீழ் எதுவுமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குள்ளும் பெண் எடுப்பதில் கொடுப்பதில் பேச்சு உண்டு என்று அந்த அக்காவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் இன்னொருத்தர் கை போட்ட சோற்றில் என் கையைப் போட்டது அன்றைக்குத்தான். அடுத்த ஞாயிறு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் களி கிண்டினேன். அவர் மென்றுவிட்டார். நான் சிரித்தேன். அப்படித்தான் இந்த இரண்டு சட்டியும் இன்றைக்கு ஒரே பந்தலில் இருக்கின்றன.

பிராய்லர் கோழி பற்றி ஒரு வார்த்தை, இது கொஞ்சம் வம்பான வார்த்தை. இன்று நாட்டுக்கோழி, நாட்டு மாடு, பாரம்பரியம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. நம் பிள்ளைகளும் அதில் மயங்குகிறார்கள். எங்கள் வளவில் எல்லார் வீட்டிலும் நாட்டுக்கோழி இருந்தது. நாங்கள் சாப்பிட்டது வருசத்தில் இரண்டு மூன்று தடவை. மற்றதெல்லாம் உப்புக்கும் மருந்துக்கும் விற்பது. வாரா வாரம் ஏழை வீட்டில் கறி மணக்க வைத்தது உடுமலையும் பல்லடமும் வளர்த்த பிராய்லர்தான். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ. காலையில் பல்லடம் விலை என்ன என்று கேட்டுவிட்டு வாங்குகிற கோழி. அந்தக் கொட்டகைகளில் நடக்கும் வேலை, கூலி, நாற்றம் எல்லாவற்றின் மீதும் எனக்கு விமர்சனம் உண்டு. ஆனால் பிராய்லரைப் பழித்து நாட்டுக்கோழியைப் புகழ்கிற பொற்காலத்தில் என் அம்மாவுக்கு வந்தது தலையும் காலும். இன்றைய சட்டியில் பத்து கிலோ பிராய்லர், ருசிக்கு மூன்று நாட்டுக்கோழி.

சமையலை யார் எழுதுகிறார்கள் என்பதும் இருக்கிறது. தமிழில் தலைமுறை தலைமுறையாகச் சீர்வரிசையோடு கொடுக்கப்பட்ட புத்தகம் மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்', 1951. நல்ல புத்தகம்தான். அதில் ஒரு கோழி கிடையாது, ஒரு முட்டை கிடையாது. ஆனால் தமிழர் சமையல் என்றால் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். மராத்தியில் ஷாஹு பட்டோளே 2015இல் மராத்வாடாவின் மகர், மாங் மக்களுடைய சமையலைப் புத்தகமாக எழுதினார். எண்ணெயும் மசாலாவும் இல்லாத வீட்டில் எப்படிச் சமைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த அப்பி ஃபிஷர் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி 1881இல் அவர் பெயரிலேயே சமையல் புத்தகம் வந்தது. என் அம்மாவுக்கும் எழுதத் தெரியாது. குடலை எப்படி மஞ்சளும் உப்பும் போட்டுக் குச்சியால் திருப்பிக் கழுவுவது, ஒரு கோழிக்காலைக் கொண்டு எப்படி ஆறு பேருக்குச் சாறு வைப்பது என்று அவருக்குத் தெரியும். இங்கே செல்போன் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் உங்கள் பாட்டிமாரிடம் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். சாலையோர மெஸ் போர்டு எழுதுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

அப்புறம், இன்றைக்குக் களி கிண்டுவது ஆண் தோழர்கள். தோள்பட்டை வேலை என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான். வெங்காயம் உரித்ததும் அவர்கள்தான். ஐந்து கிலோ சின்ன வெங்காயம், இரண்டு பேருக்கு இன்னும் கண் சிவந்திருக்கிறது. நம் கூட்டங்களில் மேடையில் சாதி ஒழிப்பு பேசுகிறவரும், பின்னால் பாத்திரம் கழுவுகிற அக்காவும் வேறு வேறு ஆட்களாகவே இருந்து பழகிவிட்டது. சாப்பிட்ட பிறகு தட்டு கழுவும் வரிசையை நான் நின்று பார்ப்பேன்.

குழம்பு இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது, மணம் வருகிறது. தக்கடியை யாரும் இப்போது கிளறாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் மூடியே இருக்கட்டும்.

ஓர் அறிவிப்பு. அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு பந்தல் கிடையாது, மண்டபம் கிடையாது. எங்கள் வளவில், ஏழு வீட்டில் சமைக்கிறோம். வீட்டுக்கு ஐந்து ஒறம்பரை. உள்ளே வந்து, உட்கார்ந்து, அந்த வீட்டுத் தட்டில், அந்த வீட்டுத் தண்ணீரோடு. வருபவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். பெயர் எழுதிவிட்டு வராமல் இருக்காதீர்கள். எத்தனை கோழி சொல்வது என்று சனிக்கிழமைக்குள் கடைக்காரருக்குத் தெரிய வேண்டும்.